முற்றத்தில் விழுந்த தூரிகை

அன்புள்ள சுந்தரம்,

உன் மூட்டுவலி தணிந்திருக்கிறது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மழை இன்னும் வரவில்லை. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் குங்யே என்ற பழைய கொரிய ராஜா. ஒரு மாதமாக அவன் நினைப்புத்தான்.

ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், கொரியாவை ஆண்டுவந்த சில்லா ராஜ்யம் ஆட்டம் கண்டிருந்தது. 889-ல் வரியைக் கட்டு என்று நெருக்கியதும் ஊருக்கு ஊர் கலகம். அதில் தலையெடுத்தவன் இவன். அரச குலத்தில் பிறந்தவனாம். கெட்ட சகுனம் என்று குழந்தையை மாடத்திலிருந்து வீசியபோது, கீழே நின்று ஏந்திய செவிலியின் விரல் பட்டு ஒரு கண் போனதாம். மடத்தில் துறவியாக வளர்ந்து, பிறகு கலகக்காரர்களோடு சேர்ந்தான். படைவீரன் பட்ட கஷ்டத்தையெல்லாம் தானும் பட்டான், பங்கு பிரிப்பதில் ஓரவஞ்சனை காட்டவில்லை. இதை அவனைத் தூற்றும் வரலாறே சொல்கிறது. 901-ல் அரசனானான். 905-ல் தலைநகரைச் சொர்வொனுக்கு மாற்றினான். 911-ல் நாட்டுக்குத் தேபொங் என்று பெயர் வைத்தான்.

அப்புறம் அவன் தன்னையே மைத்ரேய புத்தர், அதாவது இனி வரப்போகிற புத்தர், என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தான். இருபது சுவடி சூத்திரம் எழுதினான். ‘இதெல்லாம் பிதற்றல்’ என்ற துறவியை இரும்புத் தடியால் அடித்துக் கொன்றான். பிறர் மனதைப் படிக்கும் சக்தி தனக்கு உண்டு என்றான். அந்தச் சக்தியைச் சொல்லியே 915-ல் மனைவியையும், அவள் பெற்ற இரண்டு பிள்ளைகளையும் கொன்றுவிட்டான்.

நான் உனக்குச் சொல்ல நினைத்தது இனிமேல்தான் வருகிறது. ஒருநாள் தன் தளபதி வாங் கொன்னைக் கூப்பிட்டு, ‘நேற்று ராத்திரி ஆள் கூட்டிச் சதி செய்தாயே, ஏன்?’ என்று கேட்கிறான். அவர் இல்லவே இல்லை என்கிறார். ராஜா கைகளைப் பின்னால் கட்டி, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்கு உயர்த்தி நிற்கிறான். பக்கத்தில் இருந்த எழுத்தன் சே உங், இருபதை ஒட்டிய வயதுப் பையன், தூரிகையை முற்றத்தில் நழுவவிடுகிறான். எடுக்க இறங்கி வருகிறவன், தளபதியைத் தாண்டும்போது, ‘ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆபத்து’ என்று கிசுகிசுக்கிறான். வாங் கொன் உடனே ‘சதி செய்தேன், உயிர் உங்கள் கையில்’ என்று விழுகிறார். ராஜா வாய்விட்டுச் சிரித்து, ‘நேர்மையானவன் நீ’ என்று பொன் வெள்ளி பதித்த சேணமும் கடிவாளமும் பரிசாகக் கொடுக்கிறான்.

சுந்தரம், அந்த ராஜ்யம் அன்றைக்கே முடிந்துபோயிற்று என்று நினைக்கிறேன். உண்மை சொன்னால் சாவு, பொய் சொன்னால் பரிசு. அங்கே யார் எதைச் சொல்வார்கள்? 918-ல் நான்கு தளபதிகள் ராத்திரியோடு வாங் கொன் வீட்டுக்கு வந்தார்கள். அவர் தயங்கினார். மனைவிதான் கவசத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். அவரே புது அரசரானார். குங்யே மாறுவேடத்தில் மலைக்கு ஓடினான். பசி தாங்காமல் வயலில் பார்லிக் கதிரைத் திருடித் தின்றவனைக் குடியானவர்கள் அடித்துக் கொன்றார்கள் என்பது ஏட்டில் இருக்கும் முடிவு.

அவனைப் பற்றிய முக்கியமான வரலாறு 1145-ல், வாங் கொன் வம்சத்து அரசன் சொல்லித் தொகுத்தது. ஆகவே கொடுமைகளில் எத்தனை மெய், எத்தனை ஏற்றிச் சொன்னது என்ற சந்தேகம் எனக்கு உண்டு. தூரிகைக் கதையை மட்டும் நம்பத் தோன்றுகிறது. தங்கள் மூலபுருஷர் உயிருக்குப் பயந்து பொய் சொன்னதை வேண்டுமென்று யாரும் கட்டிவிட மாட்டார்கள்.

அந்தத் தலைநகரம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? வட, தென் கொரியாக்களுக்கு நடுவே ராணுவம் விலகி நிற்கும் பட்டையில். எல்லைக்கோடு கோட்டையை ஊடறுத்துப் போகிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அங்கே ஒரு கல்விளக்கைப் படம் பிடித்திருக்கிறார்கள். இன்றைக்கு இரண்டு பக்கத்து ஆய்வாளர்களும் அங்கே மண்வெட்டி எடுத்துப் போக முடியாது. சுவரெல்லாம் புல் மூடிக் கிடக்கிறது.

சே உங்கைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்,
ராமநாதன்