ஆட்டம் பதிவு மேசையிலேயே முடிந்துவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துப் பஞ்சாயத்துகளில் கேரளோத்சவம் என்ற கலை, விளையாட்டு விழாவும், எல்லை தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம் பொங்கல் போட்டிகளும் ஆண்டுதோறும் நடக்கின்றன. திருநங்கையர், திருநம்பியர் (பெண்ணாகப் பதிவாகி ஆணாக வாழ்பவர்கள்), தன்பாலீர்ப்பாளர்கள் இவற்றில் ஏன் கலந்துகொள்வதில்லை என்று அமைப்பாளர்கள் கேட்பதுண்டு. விளையாட ஆசை இல்லாமலில்லை. பதிவு மேசையைத் தாண்டுவதுதான் பாடு.

ஆதாரில் பழைய பெயர் இருக்கும். மேசையில் இருப்பவர் அதையே எழுதிக்கொள்வார். மைக் பிடிப்பவர் ஊருக்கே கேட்கும்படி அதைச் சொல்லிக் கூப்பிடுவார், கூடவே ஒரு கிண்டலும் வரும். அப்படிக் கூப்பிடப்பட்டவர் அடுத்த ஆண்டு வரமாட்டார். படிவத்தில் ‘அழைக்க வேண்டிய பெயர்’ என்று ஒரு வரி சேர்த்து, அட்டையை ஒருவர் மட்டும் பார்த்துவிட்டு, மைதானத்தில் பனியன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். காசு செலவில்லை.

அடுத்த சிக்கல் உடை மாற்றும் இடம். ‘மூன்றாம் பாலினத்தவர் அறை’ என்று பலகை மாட்டினால், அதற்குள் நுழைகிறவரை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும். பலகையே இல்லாமல், உள்தாழ்ப்பாளோடு ஒருவர் மட்டும் நிற்கும் அளவுக்கு இரண்டு தகர அடைப்புகள் போடுங்கள். பெண்களுக்கும் அதுதான் வசதி. கழிப்பறைக்கும் இதே கணக்கு. போக இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் ஆடுகிறவர்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றடிக்கும் மார்ச் வெயிலில் அது தசைப்பிடிப்பிலும் நீர்க்கடுப்பிலும் கொண்டுபோய் விடும்.

‘சர்வதேச விதியே சேர்ப்பதில்லையே’ என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகத் தடகள அமைப்பு 2023இல் திருநங்கையருக்குக் கொண்டுவந்த தடை, உலகத் தரவரிசைப் போட்டிகளின் பெண்கள் பிரிவுக்கானது. ஊர்த் திடலுக்கு அல்ல. புதுக்கோட்டையின் சாந்தி சௌந்தரராஜன் பெண்ணாகவே பிறந்து வளர்ந்து ஓடியவர். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் அவர் வென்ற வெள்ளி, பாலினச் சோதனையைக் காட்டிப் பறிக்கப்பட்டது. மேலே எழுதும் விதி கீழே யாரை அடிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஊர் ஆட்டத்தில் சமநிலை வேண்டுமென்றால் எடையைப் பாருங்கள். கபடியில் எடைப் பிரிவு நமக்குப் பழக்கம்தானே. வாலிபால் வலை ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. கலப்பு அணிகளுக்கு 2.24இல் கட்டி, நெட்டையானவர்கள் 3 மீட்டர் கோட்டுக்குப் பின்னால் நின்றுதான் அடிக்க வேண்டும் என்று வைத்தால் ஆட்டம் நன்றாக ஓடும். புதியவர்களைக் கபடியில் இறக்க வேண்டாம். மேலே விழுந்து பிடிப்பதைப் பலரால் தாங்க முடியாது. கோ-கோவில் முதுகைத் தட்டுவதோடு சரி. இரண்டு தலைவர்கள் மாறி மாறி ஆள் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கடைசியில் மிஞ்சுவது எப்போதும் அதே ஆள்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரியுங்கள்.

தன் உடம்போடு ஒத்துப்போகாமல் வருகிறவர்களுக்கு முதல் மாதம் கண்ணாடி, புகைப்படம் எதுவும் வேண்டாம். ஒயிலாட்ட அடவில் வரிசையாக நின்று ஆடினால் எல்லார் பார்வையும் முன்னால் இருக்கும், ஒருவரை ஒருவர் அளக்க மாட்டார்கள். எப்படித் தெரிகிறோம் என்ற கவலை போய், அடி சரியாக விழுகிறதா என்ற கவனம் வரும். கேட்காமல் எடுக்கும் படம் வாட்ஸ்அப் வழியே அன்று இரவே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் படம் எடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டியவை சில. திருநம்பியர் மார்பைக் கிரேப் பேண்டேஜால் இறுக்கிக் கட்டி ஓடக் கூடாது. மூச்சு முழுதாக ஏறாது, விலா எலும்பும் அடிபடும். மார்பைத் தட்டையாக்க அணியும் பைண்டர் என்ற இறுக்க உடையும் ஆட்டத்துக்கு ஆகாது. ஓர் அளவு பெரிய ஸ்போர்ட்ஸ் பிரா போதும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை எடுப்பவருக்குத் தசை வேகமாக வலுக்கும், தசைநாண் அந்த வேகத்தில் வலுக்காது. எடையையும் தாவலையும் மெதுவாகக் கூட்டுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனோடு ஆண் ஹார்மோனைக் குறைக்கும் மருந்தும் எடுக்கத் தொடங்கியவருக்குச் சில மாதங்களில் ஹீமோகுளோபின் குறைவதால் சீக்கிரம் களைப்பு வரும். சோம்பல் என்று திட்டாதீர்கள். அப்படி ஆண் ஹார்மோனைக் குறைக்கத் தரும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இளநீரை வெட்டி வெட்டிக் கொடுப்பது (நம் ஊர் உபசாரம் அதுதான்) ஆபத்து. அந்த மருந்து பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். இளநீரிலோ பொட்டாசியம் அதிகம். தண்ணீர் கொடுங்கள், மற்றதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.

2015இல் திருநருக்கான (திருநங்கையர், திருநம்பியர்) கொள்கையை வெளியிட்டது கேரளம். 2017 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் அவர்களுக்கென்றே தடகளப் போட்டியும் நடந்தது. நல்ல தொடக்கம். ஆனால் ஆண்டுக்கொரு தனி விழாவைவிட, வாரம் ஒரு மாலை எல்லாரோடும் சேர்ந்து ஆடுவதுதான் பயன் தரும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகள் ஆளுக்கொரு திடலை மாலை ஐந்தரை முதல் ஏழு மணிவரை ஒதுக்கலாம். கேட் சாவியும் விளக்குச் சுவிட்சும் யாரிடம் இருக்கும் என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வாசலில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
உடற்பயிற்சிப் பயிற்றுநர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம்