காற்றைத் திருப்பித் தர வந்தவருக்கு

மொராக்கோவின் தெற்கே, தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் மஹமீத் அல் கிஸ்லான் ஊர் மக்களுக்கும், அந்த இரண்டு இரவும் எங்களுக்காகக் கண்விழித்த எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வண்டி மணலில் புதைந்து நாங்கள் ஆறு பேரும் சிக்கிக்கொண்ட கதையை மறுபடி முழுக்க எழுதப் போவதில்லை. தெரிய வேண்டியவர்களுக்கெல்லாம் தெரியும். ஆறு பேரும் நலம். குழந்தையின் கண் சிவப்பு வடிந்துவிட்டது. கை நடுக்கம் இன்னும் முழுக்க நிற்கவில்லை. இருந்தாலும் இந்த ஈரம் காய்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இன்றே உட்கார்ந்துவிட்டோம். பிரெஞ்சில் ஒரு நகல் ஊருக்குப் போகிறது. அந்தப் பக்கம் கிளம்பும் நம் ஆட்களும் படிக்கட்டும் என்பதற்காகத் தமிழிலும் எழுதுகிறோம்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நன்றி. பொழுது சாய்ந்தும் நாங்கள் திரும்பவில்லை என்றதும் 177 என்ற அவசர எண்ணுக்கு அழைத்த விடுதிக்காரர்கள், அழைப்பை எடுத்த ஜாந்தார்ம் காவலர்கள், மணல்மேட்டு உச்சியில் ஏறி நின்று விடியும்வரை விளக்கைச் சுழற்றிய தம்பிகள், சுகாதார நிலையத்தில் ஒவ்வொருவர் கண்ணையும் உப்புநீரால் கழுவிவிட்ட செவிலியர், தணலுக்கடியில் மணலில் புதைத்துச் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிச் சூடாகக் கொண்டுவந்த பெண்கள், எங்கள் வீடுகளுக்குத் தொலைபேசியில் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்த நண்பர்கள். ஸகோரா நகரில் வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துத் தலையில் கை வைத்த மெக்கானிக்கும் இதில் உண்டு. ஃபில்டரைத் தரையில் மெதுவாகத் தட்டி, காற்றை உள்ளிருந்து வெளியே ஊதிக் காட்டினார். வெளியிலிருந்து ஊதினால் தூசி மடிப்புக்குள் இன்னும் ஆழமாக ஏறிக்கொள்ளும், அப்புறம் எஞ்சின் மூச்சுத் திணறும்.

இருபது லிட்டர் கேன் நிறையத் தண்ணீர் தந்த வீட்டுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே அது சாதாரணக் கொடை இல்லை. மொராக்கோவின் மிக நீளமான ஆறு த்ரா. அது அந்த ஊர் வழியாகத்தான் போகிறது, ஆனால் பெரும்பாலும் வறண்ட மணல்தடமாகத்தான் கிடக்கிறது. 1972-இல் மேலே வர்ஸஸாத் நகருக்கு அருகே மன்ஸூர் அத்தஹபி அணை வந்த பிறகு, அணையைத் திறந்துவிட்டாலோ பெருமழை பெய்தாலோதான் கடைமடைக்குத் தண்ணீர். கிணற்றுநீர் கரிக்கிறது. பையூத் என்னும் பூஞ்சை நோய் பேரீச்சையை வேரோடு வாங்கியது போக, மிச்ச மரங்களை மணல் மூடுகிறது. அப்படிப்பட்ட ஊரில் இருபது லிட்டர் நல்ல தண்ணீர் என்றால் ஒரு குடும்பம் எத்தனை நாள் வைத்துக் குடிக்கும் என்று இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

மடலின் மீதியெல்லாம் எங்கள் வண்டியை மணலிலிருந்து மீட்ட பெரியவர் ஹாஜுக்கு. வயதில் மூத்தவரை அங்கே மரியாதையாக அப்படித்தான் அழைக்கிறார்கள். கடைசிவரை எங்களுக்கும் அவர் ஹாஜ்தான்.

தம்பிகள் வந்ததுமே கயிற்றைக் கட்டி இழுக்கத்தான் பார்த்தார்கள். ஹாஜ் கையை உயர்த்தி, “பிஷ்வீயா, பிஷ்வீயா” என்றார். மெல்ல, மெல்ல. வயிறு மணலில் தட்டி நிற்கும் வண்டியை அப்படியே இழுத்தால் கொக்கி பிய்ந்துகொண்டு பறக்கும், இல்லாவிட்டால் இழுக்கிற வண்டியும் பக்கத்திலேயே புதையும். எங்கள் டயர்களில் தார்ச்சாலைக்கு வைத்த 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று அப்படியே இருந்தது. அதுதான் மூலக் கோளாறு. மணலுக்கு அது 15-க்கு இறங்க வேண்டும். காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படியும் என்று நினைக்கிறோம், உண்மையில் நீளவாக்கில்தான் அதிகம் படிகிறது. பாரம் பரவி, சக்கரம் மணலைத் தோண்டாமல் மேலேயே மிதந்து போகிறது. ஒட்டகத்தின் பாதம் விரிந்து பதிவது மாதிரி. 10-க்கும் கீழே விட்டால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும்.

காற்றை அளக்கும் கருவி யாரிடமும் இல்லை. ஹாஜ் தன் பையிலிருந்த சர்க்கரைக் கூம்பைச் (கூம்பாக வார்த்த சர்க்கரைக் கட்டி) சுற்றியிருந்த நீலத்தாளில் விரலகலத்துக்கு ஒரு பட்டையைக் கிழித்தார். புதையாமல் இறுகிய தரையில் நின்ற பின்சக்கரத்தின் அருகே முழங்காலிட்டு, தரையிலிருந்து ரிம்மின் கீழ்விளிம்புவரை அதைப் பிடித்து, அந்த அளவுக்குச் சரியாகக் கத்தரித்தார். பிறகு பட்டையை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்துப் பிரித்தார். நான்கு சம பாகம். அதில் ஒன்றைப் பின்னால் மடக்கிவிட்டு மூன்று பாகத்தை எங்களிடம் காட்டினார். ரிம் இந்த உயரத்துக்கு இறங்கும்வரை காற்றை விட வேண்டும், அவ்வளவுதான்.

காற்றை அவர் குச்சியால் குத்தி இறக்கவில்லை. வால்வு மூடிக்குள் ஒரு பொடிக்கல்லைப் போட்டுத் திரும்பத் திருகினார். கல் உள்ளே இருக்கும் ஊசியை அழுத்திக்கொண்டிருக்கும், காற்று சீராகச் சீறிக்கொண்டு போகும், ஆளுக்கு இரண்டு கையும் மிச்சம். நான்கு சக்கரத்திலும் ஒரே நேரத்தில் திருகி, பின்சக்கரம் தாளின் அளவுக்கு வந்ததும் நான்கையும் ஒரே நேரத்தில் எடுத்தார். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மணலுக்கு அது போதும். அதற்குள் மற்றவர்கள் தகரத் தட்டால் வண்டியின் வயிற்றுக்கடியில் இருந்த மணலை வாரிவிட்டார்கள். சக்கரத்துக்கு முன்னால் மட்டும் தோண்டி, வயிற்றை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

உடனே கிளப்பவும் விடவில்லை. பகல் வெயிலில் காய்ந்த மணல் உதிரியாக இருக்கும், விடியற்காலைக் குளிரில் கொஞ்சம் இறுகும். கிழக்கு வெளுத்ததும், முன்னே போகாமல், வந்த தடத்திலேயே பின்னால் எடுக்கச் சொன்னார். ஸ்டியரிங் நேராக, ஆக்ஸிலேட்டரில் கால் பட்டும் படாமலும். சக்கரம் வெறுமனே சுழன்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், இன்னொரு மிதி மிதித்தால் இன்னொரு சாண் குழி. இரண்டாம் முயற்சியில் வண்டி வெளியே வந்தது. திரும்பும் வழியில் மேடுகளைக் கைகாட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்: காற்று மோதி ஏறும் சரிவு இறுகியிருக்கும், மறுபக்கச் சரிவு புதைமணல், அங்கே சக்கரத்தை வைக்காதே. மாவு மாதிரி சாம்பல் நிறப் புழுதி கிடந்தால் அது ஃபெஷ்ஃபெஷ், சுற்றிப் போ. கல் நிறைந்த சமவெளி வந்ததும் ஊர்ந்து போகச் சொன்னார், காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவரைக் கூரான கல் ஒன்றே கிழித்துவிடும்.

இதுவரை அவர் செய்தது உதவி. இந்த மடலை எழுத வைத்தது மறுநாள் காலை.

ஸகோராவுக்குக் கிளம்பியபோது வெளிச்சம் முழுசாக வந்திருக்கவில்லை. தார்ச்சாலை தொடங்கும் இடத்தில், மொபெட்டை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஹாஜ் நின்றுகொண்டிருந்தார். பின்சீட்டில் கயிற்றால் கட்டிய ஒரு பழைய கைப்பம்பு. டயரில் காற்றை இறக்கியது அவருக்கு நினைவிருந்தது, எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் நினைவில்லை. அதே 15 பி.எஸ்.ஐ.யோடு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தார்ச்சாலையில் வேகமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டயர் கடைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும், உள்ளே நூல் விட்டுப்போகும், மலைத் திருப்பத்தில் வெடிக்கும். பாலைவனம் விட்டுவைத்ததைச் சாலை வாங்கியிருக்கும். அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. அதனால்தான் அவரே வந்திருந்தார்.

முதல் டயரில் காற்று ஏறவில்லை. தண்டு சும்மா போய் வந்தது. ஹாஜ் பம்பின் தலையைத் திருகிக் கழற்றித் தண்டை உருவினார். நுனியில் இருந்த தோல் வாஷர் வறண்டு சுருங்கியிருந்தது. அந்த ஊர்க் காற்றில் எதுதான் வறளாது. அங்கியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து இரண்டு சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டு, கட்டைவிரலால் தோலின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி நீவினார். மெல்ல அது கிண்ணம் போல விரிந்தது. திரும்பப் பூட்டி ஒரு அடி அடித்தபோது ‘சுக்’ என்று இறுக்கமாக ஒரு சத்தம். சைக்கிள் பம்பு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

ஒரு டயருக்கு நூற்றுக்கணக்கில் அடி. முதல் டயரை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, மற்றவற்றை மாற்றி மாற்றி அடித்தோம். எவ்வளவு ஏற்றுவது என்று கேட்டபோது தலைப்பாகை மடிப்புக்குள் விரலை விட்டு அந்த நீலத்தாளை எடுத்தார். முந்தைய நாள் மடக்கிய நாலாவது பாகத்தைப் பிரித்து, நீவி, முழு நீளமாகச் சக்கரத்தின் அருகே பிடித்தார். மடக்கினாரே தவிர அன்று கிழிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காற்றை இறக்கும்போதே ஏற்றுவதற்கும் சேர்த்து அளந்து வைத்திருக்கிறார்.

பணத்தைத் தொடவில்லை. நன்றி என்றதற்கு, “லா ஷுக்ர அலா வாஜிப்” என்றார். கடமைக்கு நன்றி கிடையாது என்று பொருள். ஹாஜ், உங்கள் கணக்கில் அது கடமையாக இருக்கட்டும். எங்கள் கணக்கில் அப்படி எழுத முடியவில்லை.

எங்களுக்குள் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். இனி காற்றளவைக் கருவியும், பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸரும், மண்வெட்டியும் இல்லாமல் மணலில் சக்கரம் வைப்பதில்லை. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 5 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு நாளுக்கான உபரி. ஷிகாகா மணல்மேடுகள் ஊரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தானே என்று ஒற்றை வண்டியில், ஊர்க்காரர் துணையில்லாமல் போவதில்லை. மணற்புயல் எழுந்தால் வண்டியின் முதுகைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வண்டியை விட்டு ஓரடி நகராமல் இருப்போம். வெறுங்கையோடு வழி தேடிப் போனவரைத் தேடுவதைவிட வண்டியைத் தேடுவது எளிது. தலைக்கு நாலைந்து மீட்டர் பருத்தித் துணி ஆளுக்கு ஒன்று, குழந்தைக்கும் சேர்த்து. எந்தப் பயணத்திலும் தார்ச்சாலை ஏறுமுன் நிறுத்தி, இறங்கி, நான்கு டயரையும் பார்ப்போம்.

மராகேஷிலிருந்து வரும் பேருந்தில் ஒரு பொட்டலம் வருகிறது, ஹாஜ். கால்பம்பு ஒன்று, உங்கள் பழைய பம்புக்குப் பொருந்தும் தோல் வாஷர் நான்கு, சர்க்கரைக் கூம்பு இரண்டு. வாஷர்களை எண்ணெயில் ஊறவைத்துத்தான் கட்டியிருக்கிறோம்.