எங்கள் தெரு பீட்சாவைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பீட்சாவைத் திட்டி ஒரு கட்டுரை வந்திருந்தது. மைதா, உப்பு, சீஸ் எல்லாம் அளவு மீறினால் உடம்புக்கு ஆகாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. எனக்கும் சர்க்கரை உண்டு. இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்வேன். மூன்றாவதுக்குக் கை நீண்டால் என் மனைவி பெட்டியையே நகர்த்திவிடுவாள். ஆனால் அது 'நம் மண்ணுக்கு ஒட்டாத தீனி' என்று எழுதியிருந்ததைத் தருமபுரிக்காரனாகிய என்னால் அப்படியே விட முடியவில்லை.

தருமபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் தடத்தில் பல வருஷம் நடத்துநராக வேலை பார்த்தவன் நான். விடியற்காலை டிரிப்பில் ஆட்களைவிடத் தக்காளிக் கூடைகள்தான் அதிகம் ஏறும். எல்லாவற்றுக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டு முடிப்பதற்குள் பாலக்கோடு வந்துவிடும். விலை விழுந்த நாட்களில் அதே தக்காளி ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும். பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை என்பார்கள். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவைதானே? ரசத்தில் கரைக்கும்போது அவற்றிடம் யாரும் ஊர் பேர் விசாரிப்பதில்லை.

எங்கள் குமாரசாமிப்பேட்டையில் ஒரு சின்ன பீட்சா கடை இருக்கிறது. உட்கார இடமில்லை, பார்சல் மட்டும்தான். நடத்துகிற தம்பி பெங்களூரில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மாவை முந்தின இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார். நம் வீட்டு இட்லி மாவு மாதிரிதான், நிதானமாகப் புளித்தால்தான் வாசம். சாஸும் அவரே காய்ச்சுவது. நாட்டுத் தக்காளியை மட்டும் போட்டால் தண்ணீர் விட்டு அடிப்பாகம் நமத்துப்போகும். ஹைபிரிட் தக்காளியில் சதை இருக்கும், புளிப்பு போதாது. அதனால் இரண்டையும் கலந்து, பூண்டு நசுக்கிப் போட்டு, நன்றாக வற்றும்வரை அடுப்பில் வைக்கிறார். அந்த வாசனை தெருமுனை வரை வரும். விலை இறங்கும்போது பாலக்கோட்டிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கிக்கொள்வார். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோதும் சாஸில் கை வைக்கவில்லை. சீஸ்தான் கொஞ்சம் மெலிந்தது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

குடைமிளகாய் கெலமங்கலம் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளைந்தது. சீஸும், மேலே தூவும் ஆரிகானோ இலைத்தூள் பொட்டலமும் வெளியூர்ச் சரக்கு. தக்காளியும் குடைமிளகாயும் அரை நாள் பஸ் தூரத்துக்குள் அடங்கிவிடும். இதைப் போய் மண்ணுக்கு ஒட்டாதது என்றால் எப்படி?

பீட்சாவுக்குத் தாயூர் இத்தாலியின் நேப்பிள்ஸ். அங்கே விறகு அடுப்பில், 400 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில், ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்துவிடுமாம். அந்தக் கைவேலையை 2017-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எங்கள் தம்பியிடம் இருப்பது கேஸ் அடுப்பு, ஏழெட்டு நிமிஷம் ஆகும். "ஐயா, இதோ ஆச்சு" என்பார். ஓரம் உப்பிப் பழுப்பதை நின்று பார்க்க எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

பார்சல் என்பதால் சில விஷயங்கள் உண்டு. பெட்டியைப் பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டினால் சீஸ் முழுக்க ஒரு பக்கம் சரிந்துவிடும். மொபெட்டின் முன்பக்கத்தில் கிடத்தி வைத்து, வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கிக் கொண்டுவர வேண்டும். அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைகள் ஆவி வெளியேறத்தான், அவற்றைக் கையால் மூடக்கூடாது. நடுவில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருக்குமே, மூடி அமுங்கி சீஸில் ஒட்டாமல் காப்பது அதுதான். நியூயார்க் பக்கத்துப் பெண்மணி ஒருவர் 1985-இல் காப்புரிமை வாங்கிய பொருள். எங்கள் வீட்டில் அது பேத்தியின் பொம்மைக்கு ஸ்டூல்.

ஆறிப்போனால் கவலை வேண்டாம். தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் துண்டுகளை வைத்து, ஒரு மூடியால் மூடிவிடுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் அடி மொறுமொறுப்பாகும், மேலே சீஸ் இளகும். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும். மறுநாள் காலை டீயோடு இப்படிச் சூடு பண்ணிச் சாப்பிடுவதற்காகவே நான் ஒரு துண்டை ஒளித்து வைப்பதுண்டு.

2025 செப்டம்பர் 22 முதல் சீஸுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பீட்சா ரொட்டிக்கு வரியே இல்லை என்றாக்கினார்கள். எங்கள் தம்பி மறு வாரமே விலைப்பலகையில் பத்து ரூபாய் குறைத்து எழுதினார். மாவை அவரே பிசைவதால் ரொட்டி வரியால் அவருக்கு லாபமில்லை. சீஸில் மிஞ்சியதைத்தான் கொடுத்திருக்கிறார். இது கட்டுரையாளர் கண்ணில் படாது.

அதனால் ஒரு வேண்டுகோள். பரோட்டா கடை, கம்பங்கூழ் வண்டி பற்றியெல்லாம் உங்கள் நிருபர்கள் அழகாக எழுதுகிறார்கள். இப்படிப்பட்ட சின்னக் கடைகளையும் ஒரு வாரம் எழுதுங்கள். விளைகிற தக்காளியை இந்த மாதிரி கடைகளுக்கு நேரடியாகக் கொடுக்க வழி உண்டா என்று பாலக்கோடு விவசாயிகளிடமும் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. தக்காளிக் கூழ் தொழிற்சாலை வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது நீங்கள் அறியாததல்ல.

நிருபர் வருவதானால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். மாவு தீர்ந்ததும் தம்பி கடையை அடைத்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமை என்றால் எட்டு மணிக்கே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
குமாரசாமிப்பேட்டை, தருமபுரி.