சின்ன டெலஸ்கோப்பைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப்பைப் பத்தின கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா ட்ராப்பிஸ்ட்-1ங்கிற நட்சத்திரத்தைச் சுத்துற கிரகங்களைப் பத்தி அவ்ளோ எழுதிட்டு அதை முதல்ல கண்டுபிடிச்ச ட்ராப்பிஸ்ட்ங்கிற டெலஸ்கோப்புக்கு ஒரு வரி கூட இல்லயே சார். வெறும் 60 செ.மீ கண்ணாடி தான் அது. சிலி நாட்டுல லா சில்லா மலையில இருக்கு, 2010ல இருந்து பெல்ஜியத்துல லியேஜ் பல்கலைக்கழகத்துல உட்கார்ந்துகிட்டே இயக்குறாங்க. அங்க விஞ்ஞானியா இருக்குற மிக்கேல் கியோன் அதுல வேற நட்சத்திரங்களைச் சுத்துற கிரகங்களைத் தேடுறாரு, இன்னொரு விஞ்ஞானி எம்மானுவேல் ஜெஹின் அதே டெலஸ்கோப்புல வால்நட்சத்திரம் பாக்குறாரு.

கிரகம் நேரா தெரியாது. நட்சத்திரத்துக்கு முன்னாடி அது போறப்போ வெளிச்சம் ஒரு சதவீதத்துக்கும் கம்மியா மங்கும், அந்த மங்கலைப் பிடிக்க ஒரே நட்சத்திரத்தை ராத்திரி முழுக்க விடாம படம் எடுக்கணும், பெரிய டெலஸ்கோப்புல அவ்ளோ நேரம் கிடைக்கிறது ரொம்ப கஷ்டம். ட்ராப்பிஸ்ட்-1ஐச் சுத்தி 2016ல மூணு கிரகம்னாங்க, அப்புறம் நாசாவோட ஸ்பிட்சர் விண்வெளி டெலஸ்கோப்பும் சேர்ந்து பாத்ததுல 2017 பிப்ரவரியில ஏழுன்னு ஆச்சு, ஏழும் கிட்டத்தட்ட பூமி சைஸ். ரொம்ப உள்ள இருக்குற கிரகத்துக்கு ஒரு வருஷம்னா நம்ம கணக்குல ஒன்றரை நாள் தான்!

வால்நட்சத்திரத்துக்கு தனி ஃபில்டர் போட்டு அதுல இருந்து என்னென்ன வாயு எவ்ளோ வெளிய வருதுன்னு மாசக்கணக்கா அளக்குறாங்க. இந்த பொறுமைய நினைச்சா எனக்கு அவ்ளோ மரியாதை வருது.

அரைப்பக்கமாவது போடுங்க சார், அறிவியல் பக்கத்தை வெட்டி நோட்டுல ஒட்டுற பசங்க என் வகுப்புல இருக்காங்க.

– ஒரு பள்ளி ஆசிரியை