விட்டவர்களையும் எண்ணுங்கள்

புதிய வேளாண் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். காவிரியின் கடைமடையில் ஆறு மா (ஏறத்தாழ இரண்டு ஏக்கர்) நிலத்தில் நெல் பயிரிடுகிறவன் எழுதுகிறேன்.

அடுத்து எந்தத் திட்டத்தை மாவட்டம் முழுவதும் கொண்டுபோகப் போகிறீர்களோ தெரியாது. அதற்கு முன் ஒற்றை நாற்று நடவின் கதையை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 2003-04இல் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் விவசாயிகளின் வயல்களிலேயே செய்துபார்த்த முறை அது. 2007க்குப் பிறகு உலக வங்கி உதவியோடு வந்த நீர்வள நிலவளத் திட்டத்தில் இடம்பிடித்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010இல் 'இராஜராஜன் 1000' என்று பெயரும் சூட்டினார்கள். பெயருக்குக் குறைவில்லை.

முறையிலும் குறையில்லை. ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை, 14 நாள் நாற்று, சதுர வரிசையில் குத்துக்கு ஒரே நாற்று, களை எடுக்கக் கையால் தள்ளும் கோனோ வீடர், நீரைக் கட்டிவைக்காமல் வயலைக் காயவிட்டுப் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும். நானே செய்தேன். தூர் கட்டிய அழகைப் பார்க்கப் பக்கத்து வயல்காரர் வரப்பில் வந்து நின்றார். மறு ஆண்டு விட்டுவிட்டேன்.

ஏன் விட்டாய் என்று இதுவரை எவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் வயலுக்கு வயல்தான் தண்ணீர் பாய்கிறது. மேல்வயலில் நடவு முடியாமல் எனக்கு மடை திறக்காது. அதற்குள் 14 நாள் நாற்று 22 நாள் நாற்றாகிவிடும். வயலைக் காயப்போட நினைத்தாலும் மேல்வயல்காரர் வடிப்பது என் தலையில்தான் விழும். முறைவைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், வந்த நீரைக் கட்டிவைக்காமல் இருக்க யாருக்குத் துணிச்சல் வரும்? நடவுப் பெண்களோ ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி வருகிறவர்கள். கயிறு பிடித்து ஒவ்வொரு நாற்றாக ஊன்றினால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அவர்கள் முணுமுணுத்ததில் தவறே இல்லை. கோனோ வீடரின் கனமோ, களிமண்ணில் தள்ளிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஆனால் முழுதாகவும் விடவில்லை. விதையைக் குறைத்தோம். ஐந்தாறு நாற்று வைத்த குத்தில் இரண்டு வைக்கிறோம். சதுரத்துக்குப் பதில் ஒரு பக்கம் மட்டும் வரிசை பிடிக்கிறோம். பிறகு நடவு இயந்திரம் வந்தது. ஆள் பற்றாக்குறைக்கு விடை சொன்னதால், பாய்போல் சுருட்டி எடுக்கும் நாற்றங்காலும் இளநாற்றும் அதன் முதுகிலேறி ஊருக்குள் வந்துவிட்டன. கணக்கெடுக்க வந்தவரிடம் இதையெல்லாம் சொன்னேன். 'செய்கிறீர்களா, இல்லையா?' என்றார். இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

செயல்விளக்கத் திடலுக்கு நீங்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் சாலையோரத்து, பம்புசெட் வைத்த வயல். அடுத்த முறை ஒரு திடலையாவது வாய்க்காலின் வாலில் போடுங்கள். மானியம் நின்று மூன்று ஆண்டு கழித்து அதே ஊருக்குத் திரும்பி வந்து, விட்டவர்களிடமும் பாதி விட்டவர்களிடமும் பேசுங்கள். மடகாஸ்கரில் ஒற்றை நாற்று நடவு முறையைத் தொகுத்த பாதிரியார் ஆன்றி தெ லொலானியே விவசாயிகளின் வயல்களில் ஆண்டுக்கணக்கில் நின்று கவனித்துத்தான் தொகுத்தார்.

சம்பா நடவு நேரத்தில் வந்தால் நல்லது. எல்லாரும் வயலில்தான் இருப்போம். நடவுப் பெண்களிடமும் பேசிவிடலாம்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்