ஏறுவதற்கு மட்டும்தான் செலவழிக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது வருடப் பழைய வண்டிகளை மலைநாட்டு வீதிகளில் ஓட விடவே கூடாது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் புரிகிறது. ஆனால் என் வாசலில் நிற்கும் 1994 ஹைலக்ஸ் டபுள் கெப்பை, பின்னால் பாரம் ஏற்றும் தட்டுள்ள வண்டியை, தள்ளிவிட்டு நான் எதில் மரக்கறி ஏற்றுவது என்பதை அவர் எழுதவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியில் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எங்களுக்குப் பழைய கெப்தான் கதி. சரி, அதை எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

நான் தலவாக்கலைப் பக்கம். காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு, அப்புறம் லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்கு. வாரத்தில் இரண்டு நாள் அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கம்பளைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கியாக வேண்டும், அதுவும் பாரத்தோடு. ஆனால் எங்கள் ஊர்க் கராஜ்களில் போய்ப் பாருங்கள், பழைய கெப்புக்குச் செய்யும் செலவெல்லாம் ஏறுவதற்குத்தான். கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் இருந்து டர்போ எஞ்சின் வருகிறது, 31 அங்குல டயர் வருகிறது, பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை இரண்டு கூடுகிறது. இறங்குவதற்கு என்று யாரும் ஐந்து சதம் எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், இறம்பொடைக்குக் கொஞ்சம் மேலே, கரட் மூட்டைகளோடு இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு பஸ், அதனால் பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தேன். ஒரு வளைவில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது, அடுத்த மிதியில் அப்படியே தரையைத் தொட்டது. இரண்டு மூன்று தடவை அடித்து அடித்து மிதித்ததில் கொஞ்சம் பிடி வந்தது, கியரை மூன்றில் இருந்து இரண்டுக்கும் ஒன்றுக்கும் இழுத்துப் போட்டு, மலைப்பக்கக் கானுக்குள் இடது சக்கரங்களை இறக்கி நிறுத்தினேன். மூட்டை இரண்டு ரோட்டில் உருண்டதோடு போயிற்று. அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் ஒன்றுமே நடக்காதது மாதிரி நன்றாக இருந்தது! அதுதான் பயம் காட்டியது.

கராஜில் பிரேக் ஒயிலை ஒரு போத்தலில் இறக்கிக் காட்டினார்கள். சாயத்தண்ணி நிறம். எப்போது மாற்றினேன் என்று யோசித்தால், மாற்றியதே இல்லை. குறைந்தால் ஊற்றுவேன், அவ்வளவுதான். எஞ்சின் ஒயிலை மட்டும் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுகிறவன் நான்.

பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் கேட்கவே வேண்டாம். போத்தலில் டொட் 3, டொட் 4 என்று போட்டிருப்பது ஒயிலின் தரம். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு வந்துவிடுகிறது. டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் வந்தால் அந்தச் சூடு சுலபமாக வரும். கொதித்த ஒயிலுக்குள் ஆவிக் குமிழ்கள், நாம் மிதிப்பது அந்தக் குமிழ்களைத்தான். ஆறினால் குமிழ் போய்விடும், பெடல் திரும்பி வந்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றினால் போதும். டொட் 3 ஓடும் வண்டிக்கு டொட் 4 தாராளமாக ஊற்றலாம், டொட் 5 மட்டும் வேறு சாதி, அதைச் சேர்க்கக் கூடாது. பெரிய டயர் ஒன்றின் விலையில் பாதிகூட ஆகாது இந்த வேலை.

இன்னொன்று. 2022இல் டீசல் வரிசையில் நின்ற காலத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் இறங்கும் பழக்கம் பலருக்கு வந்தது, சிலருக்கு இன்னும் போகவில்லை. என் வண்டி மாதிரிப் பழைய டீசல் கெப்பில் நம் மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய உறிஞ்சல், பெட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஒல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் சின்னப் பம்பில் இருந்துதான் வருகிறது. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றது. மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான், அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி. மிச்சம் பிடித்த டீசல் ஒரு போத்தல் வருமா? எங்கள் அப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர், எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார். அப்போது கேட்கவில்லை.

பெரிய டயர் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சக்கரம் பெருத்தால் அதே கியரில் எஞ்சின் இழுத்துப் பிடிப்பதும் குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும். பின்பக்கத்தை ஸ்பிரிங் பட்டை வைத்து உயர்த்தினால் இன்னொரு வினை இருக்கிறது. பின் அச்சில் ஒரு கம்பியோடு வால்வு இருக்கும், பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு ஒயில் அழுத்தத்தைப் பங்கிடுவது அது. வண்டி உயர்ந்து நின்றால் பாரமே இல்லை என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியைச் சரிசெய்து தராமல் உயர்த்திக் கொடுக்கும் கராஜ்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாற்றியதில் எனக்குப் பிடித்தது ஹெட்லைட். நானுஓயாவில் மூட்டம் இறங்கினால் என் லைட் மெழுகுவர்த்தி மாதிரி இருந்தது. மீற்றர் வைத்துப் பார்த்தால் பெட்டரியில் 13.8 வோல்ட், பல்பில் 11.6. மின்சாரம் முழுக்கப் பழைய வயரிலும் சுவிட்ச்சிலும் சுற்றி வந்து கரைகிறது. சின்ன மின்சாரத்தில் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே இரண்டு போட்டு, பெட்டரியில் இருந்து நேராகத் தடித்த வயர் இழுத்ததும் அதே 60 வோட்ஸ் பல்ப் வேறு பல்ப் ஆகிவிட்டது. சாதாரண பல்புக்குச் செய்த கூட்டுக்குள் எல்இடி பல்பைச் செருகுகிறவர்கள் எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்குவதோடு, மூட்டத்தில் தங்களுக்கு முன்னாலும் ஒரு வெள்ளைச் சுவரைக் கட்டிக்கொள்கிறார்கள்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல இறக்கத்தில் நடந்த பஸ் விபத்தில் 7 பேர் போனார்கள். நாங்கள் தினமும் அந்தப் பக்கம் போகிறவர்கள். என் வண்டிக்கு வருடா வருடம் புகைப் பரிசோதனை நடக்கிறது, குழாய்க்குள் கருவியை விட்டுப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். பிரேக்கை இதுவரை ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை. பழைய வண்டியைத் தடை செய்யுங்கள் என்று கேட்பதைவிட, அதே இடத்தில் பிரேக் ஒயிலின் ஈரத்தையும் பாருங்கள் என்று கேட்கலாம். பிரேக் ஒயில் டாங்கியின் மூடியைத் திறந்து, ஈரம் பார்க்கும் கருவியின் நுனியை நனைத்தால் போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தக் கருவி பேனா அளவுதான் இருக்கும்.

இப்படிக்கு,
கெப் சாரதி ஒருவர்,
தலவாக்கலை