மாடியில் சோலார் இருந்தும் வீடு இருட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு தரும் மானியம் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள், நல்ல விஷயம். 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தமாக 78,000 ரூபாய் என்பதெல்லாம் கடலூர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கடலோரத்தில் குடியிருக்கும் நமக்கு முதலில் தெரிய வேண்டியதை யாரும் சொல்வதில்லை. மானியத்தில் பெரும்பாலோர் போடுவது ஆன்-கிரிட் சோலார், அதாவது பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு இணைந்து ஓடுவது. ஈ.பி. கரன்ட் போனால் அதுவும் நின்றுவிடும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கரையோர ஊர்களை மூழ்கடித்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மழை விட்டு நல்ல வெயில் அடித்த அன்றும் எங்கள் தெருவில் கரன்ட் வரவில்லை. எதிர்வீட்டு மாடியில் பேனல் மழையில் கழுவிப் பளபளவென்று கிடக்கிறது, கீழே பேனல் மின்சாரத்தை வீட்டுக் கரன்டாக மாற்றும் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது, அந்த வீட்டு அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்கு நிற்கிறார். இவ்வளவு பணம் போட்டும் ஏன் இப்படி என்று அவர் கேட்டதற்கு, பொருத்திக் கொடுத்தவர்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை. பதில் இதுதான்: அறுந்த கம்பியைச் சரிசெய்ய லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நம் மாடி மின்சாரம் கம்பியில் பாய்ந்து அவர் உயிரைப் பறித்துவிடக் கூடாது. அதற்காகத்தான் தானாக நிற்கிறது, நிற்கவும் வேண்டும். விற்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் போதும்.

பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வைத்தால், கரன்ட் போனதும் வீட்டை லைனிலிருந்து பிரித்துக்கொண்டு தனியாக ஓட்டலாம். ஆனால் செலவு கூடும், மானியமும் பேனலின் கிலோவாட்டுக்குத்தான், பேட்டரிக்கு இல்லை. மாதச் சம்பளத்தில் ஓடுகிற வீடு ஒவ்வொன்றும் இதைச் செய்ய முடியாது. ஆனால் தெருவுக்கு ஒரு கூரை முடியும். குடியிருப்போர் நலச் சங்கங்களும் அடுக்குமாடிகளும் பொது மோட்டார், பொது விளக்குக்காகச் சோலார் போட்டால் அதே திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், 500 கிலோவாட் வரை கிடைக்கும். இது தெரிந்த சங்கங்கள் மிகக் குறைவு. பேட்டரிக்கு மட்டும் வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக்கொள்ளலாம். புயல் நேரத்தில் அந்த ஒரு இடத்தில் போன் சார்ஜ் ஆகும், சர்க்கரை நோயாளிகளின் இன்சுலினுக்கு ஒரு சின்ன ஃபிரிட்ஜ் ஓடும், பகல் வெயிலில் தொட்டிக்குத் தண்ணீரும் ஏற்றலாம். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓட ஏறக்குறைய ஒரு கிலோவாட் வேண்டும், கிளம்பும்போது மட்டும் பல மடங்கு இழுக்கும், அதைத் தாங்கும் இன்வெர்ட்டராகக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று, பேனல் நிற்கும் ஸ்டாண்டு. 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயலில் காற்று மணிக்கு 140 கி.மீ. வரை அடித்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த காற்று அது. உப்புக் காற்றில் சாதா இரும்பு சீக்கிரமே துருப்பிடித்துவிடும். கால்வனைஸ் செய்த (துத்தநாகப் பூச்சுள்ள) இரும்பா, கான்கிரீட்டில் போல்ட் இறக்கியிருக்கிறார்களா என்று நாமே மாடியேறிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

கடல் சூடாகச் சூடாகப் புயலுக்குப் பலம் கூடுகிறது. இதே மாவட்டத்தில்தான் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறோம். அதனால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன, நாளைக்கே மூடு என்று நான் சொல்லவில்லை. நம் மாடியில் ஒரு கிலோவாட் இருந்தால் நாளுக்குச் சுமார் 4 யூனிட் வருகிறது, அவ்வளவு கரி குறைகிறது. அது மற்ற நாட்களின் பலன். புயல் நாளின் பலனையும் சேர்த்துக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் தாழங்குடா போன்ற கடலோர ஊர்க்காரர்கள் தெருவுக்கு ஒரு பேட்டரி சோலார் என்பதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம், மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் பகுதி சபையில் கேட்கலாம். அப்புறம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், நம் கடற்கரையில் உள்ள புயல் பாதுகாப்பு மையங்கள் ஒவ்வொன்றுக்கும் நிருபரை அனுப்பி, கரன்ட் இல்லாவிட்டால் அங்கே விளக்கு எரியுமா, மோட்டார் ஓடுமா என்று பார்த்து ஊர் ஊராகப் பெயரோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.